உத்திராபதி வைத்த குதிகால்

மனைவி மாலதிக்கு எலும்பு பலவீனமாகத்தான் இருக்கும் என்று உத்திராபதி முடிவே செய்துவிட்டார். அறுபதைத் தாண்டியவள், அவள் அக்கா வேறு போன மாதம் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தாள். சிதம்பரத்தில் இலவச எலும்புப் பரிசோதனை முகாம் என்று வாட்ஸ்அப்பில் பார்த்ததும், செம்மண்டலத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளைக் கிளப்பிவிட்டார்.

பஸ்ஸில் வழி நெடுக உபதேசம்.

"பொம்பளைங்களுக்குத்தான் இது ஜாஸ்தி. கேவுரு சாப்புடணும், வெயில்ல நிக்கணும்."

"வடாம் காயப் போடுறது, கீரைக்குத் தண்ணி ஊத்துறது எல்லாம் வெயில்லதாங்க. நீங்கதான் குடை இல்லாம கேட்டத் தாண்ட மாட்டீங்க."

கல்யாண மண்டபத்தில் முகாம். செவிலியர் சுவாதி மாலதியின் குதிகாலைச் சின்ன இயந்திரத்துக்குள் வைத்துப் பார்த்தாள்.

"நல்லாருக்கும்மா."

உத்திராபதிக்கு நம்பிக்கை வரவில்லை. "மெஷினு சரியா வேலை செய்யுதாம்மா?"

"சந்தேகம்னா நீங்க கால வைங்க சார்."

வைத்தார். சுவாதி இரண்டு முறை பார்த்துவிட்டு, அவரை டாக்டர் காயத்ரியிடம் அனுப்பினாள்.

"என்ன வேலை பாத்தீங்க?"

"தாலுகா ஆபீஸ். முப்பத்தஞ்சு வருஷம் நாற்காலிதான்."

"சிகரெட்?"

"ரெண்டு."

"எட்டு," என்றாள் மாலதி.

மூச்சிரைப்புக்காகப் பல வருடங்களாக ஸ்டீராய்டு மாத்திரையை அவராகவே கடையில் வாங்கி விழுங்கி வந்ததும் வெளியே வந்தது. உயரத்தை அளந்தார்கள். பழைய அளவில் ஒன்றரை அங்குலத்தைக் காணோம்.

"ஆம்பளைங்களுக்கும் வரும் சார். சிகரெட்டும் அந்த ஸ்டீராய்டும் சேந்தா எலும்பு சத்தமில்லாம தேயும். விழுந்து முறியறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க. இடுப்பு, முதுகுக்கு முழு ஸ்கேன் எடுத்துடுங்க. மூச்சிரைப்பு மாத்திரைய சட்டுனு நிறுத்தாதீங்க, நுரையீரல் டாக்டரப் பாத்து, கேட்டுக் குறைங்க."

திரும்பும் பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டியது. "சிரிச்சுடு மாலதி, அடக்காத," என்றார் உத்திராபதி.

கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முழு ஸ்கேனும் அதையே சொன்னது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தோடு வீட்டின் நடைமுறையும் மாறியது. குளியலறையில் கைப்பிடி வந்தது. காலையில் சில்வர் பீச்சில் நடை. வீட்டில் நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுந்திருப்பார், மாலதி எண்ணுவாள். ஏழோடு நிறுத்தப் பார்த்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வைப்பாள். முருங்கைக்கீரையும் நெத்திலிக் குழம்பும் வாரம் தவறாமல் தட்டுக்கு வந்தன. சிகரெட்தான் பாடாய்ப் படுத்தியது. நான்கு மாதம், மூன்று பெரிய சண்டை. கடைசியில் அதுவும் போனது.

அடுத்த ஆண்டு ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சொன்னார்: "தேய்மானம் நின்னுருக்கு. கொஞ்சம் ஏறியும் இருக்கு."

அன்று சாயங்காலம் இருவரும் கடலோரம் வெகுதூரம் நடந்தார்கள். அலை வந்து கணுக்காலை நனைத்தது. மாலதிக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது.

"செத்த உக்காரலாங்க."

"உக்காரு," என்றவர், மிளகாய் பஜ்ஜி வாங்கக் கடைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.