நயேலி எதில் ஏறினாள்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர்கள் இருவர், அக்காவும் தங்கையும். ஒரே வாரத்தில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் என் சமையலறைக்கு வந்து சொன்னார்கள். தங்கை ரொசால்பாவின் கதையில் அரசாங்கம் தந்த கல்விக் கணக்கு ஒரு குழந்தையைக் காப்பாற்றியது. அக்கா கிரிசெல்டாவின் கதையில் அதே கணக்கு ஒரு பள்ளிக்கூடத்தைக் கொன்றது. இருவருக்கும் தலையாட்டினேன். குழப்பம் அங்கே தொடங்கியது.

நான் பக்கத்து வீட்டுக்காரி என்பதால் மட்டும் என்னிடம் சொல்லவில்லை. தமிழில் எழுதினால் அரிசோனாவின் இந்தப் பருத்திக்காட்டு ஊரில் ஒருவரும் படிக்க முடியாது என்ற தைரியம்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'உரக்கப் படி என்று ஆசிரியர் சொன்னதும் நயேலியின் கண்களில்...'

வேண்டாம். முதல் வரியிலேயே குழந்தையை அழவிட்டால் நீங்கள் தாயின் பக்கம் போய்விடுவீர்கள்.

அடுத்தது: 'மஞ்சள் பேருந்தில் பாதி இருக்கைகள் காலியாக...'

இதுவும் வேண்டாம். இது அக்காவின் பக்கம்.

நடந்ததையே சொல்கிறேன். ரொசால்பா பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். அவள் மகள் நயேலிக்கு ஒன்பது வயது. எழுத்துகள் அவள் கண்ணுக்கு இடம் மாறித் தெரியும். இதற்கென்று பள்ளியில் இருந்த ஆசிரியை விலகிய பிறகு அந்த இடத்துக்கு யாரும் நிலையாக வரவில்லை. வகுப்பில் அவளை 'ஆமை' என்றார்கள். காலையில் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வரத் தொடங்கியது.

ரொசால்பா கல்விக் கணக்குக்கு விண்ணப்பித்தாள். (பிள்ளைக்காக அரசுப் பள்ளிக்குப் போகவேண்டிய பணம் குடும்பத்தின் பெயரில் ஒரு கணக்குக்கு வரும். தனியார் பள்ளிக்கோ வீட்டு ஆசிரியருக்கோ அதிலிருந்து கட்டலாம். ஆனால் பிள்ளை அரசுப் பள்ளிக்குப் போகக் கூடாது. இதைச் சுவாரசியமாகச் சொல்ல முயன்று தோற்றேன்.) தேவாலயத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் திருமதி தர்லோ நடத்திய சின்னப் பள்ளியில் நயேலியைச் சேர்த்தாள். கிறிஸ்துமஸுக்குள் நயேலி காரில் போகும்போது தெருப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். வாந்தி நின்றது.

3

கிரிசெல்டா ஓட்டுவது நயேலி விட்டுவந்த அரசுப் பள்ளியின் பேருந்து. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். வசந்தத்தில் பள்ளியை மூடப்போவதாக அறிவித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ரொசால்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நானும் இருந்தேன்.

"உன் ஒருத்தியால மூடலடி," என்றாள் கிரிசெல்டா. "உன்ன மாதிரி ஒவ்வொருத்தியும் 'நான் ஒருத்திதானே'ன்னு நெனச்சீங்க பாரு, அதால மூடுது."

"அதுக்கு? உன் பஸ்ல சீட்டு நெரப்பவா நான் புள்ள பெத்தேன்?"

"என் பஸ்ல அவ ஒரு நாளாச்சும் அழுதிருக்காளா? சொல்லு."

"பஸ்ல அழலக்கா. எறங்கினதும் அழுவா. நீ கதவ மூடிட்டுப் போயிருவ."

(இங்கே கிரிசெல்டா கண்ணீர் விட்டதாக எழுதி அடித்துவிட்டேன். உண்மையில் அவள், "பீன்ஸ் இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.)

4

திருமதி தர்லோமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆள் மேல் அல்ல, பாத்திரத்தின் மேல். ஒரு பிரதியில் அவளை மோசக்காரியாக்கிப் பார்த்தேன். கதை விறுவிறுவென்று ஓடியது. நியாயமும் சுலபமாகக் கிடைத்தது. ஆனால் அவள் நல்லவள். கணவர் படுக்கையில் விழுந்ததால் ஜூலையில் மகன் இருக்கும் ஐடஹோ மாநிலத்துக்குப் போய்விட்டாள். சின்னப் பள்ளி அத்தோடு முடிந்தது. அதற்குள் பழைய அரசுப் பள்ளியும் மூடியாகிவிட்டது.

இன்னொரு தனியார் பள்ளியில், "இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்கு எங்ககிட்ட வசதி இல்லீங்க" என்று சிரித்த முகத்தோடு கதவைச் சாத்தினார்கள். மிச்சம் இரண்டு வழி. அடுத்த ஊர் அரசுப் பள்ளி: அது மறுக்க முடியாது, பேருந்தை ஓட்டப்போவது கிரிசெல்டா, ஆனால் கணக்கு நின்றுவிடும். அல்லது காரில் காஸா கிராண்டே ஊருக்குப் போனால், தனியாகச் சொல்லித்தரும் கெட்டிக்கார ஆசிரியை ஒருத்தி: கணக்கு இருக்கும், படிப்பும் வரும், ஆனால் விளையாட ஒரு பிள்ளை இருக்காது.

"நீங்க எழுதுறவங்கதானே, எது சரின்னு சொல்லுங்க," என்றாள் ரொசால்பா.

நான் இதுவரை எழுதிய பக்கங்களை நீட்டினேன். அவள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"ஒண்ணும் புரியலியே. எல்லாம் சுழி சுழியா இருக்கு."

நயேலி எட்டிப் பார்த்துச் சிரித்தாள், பழைய வகுப்பில் தன்னிடம் சொன்னதை அப்படியே சொன்னாள். "அம்மா, வேகமாப் படி. எல்லாரும் காத்திருக்காங்க."

ரொசால்பா தாளைக் கீழே வைத்தாள். அதன் பிறகு வெகுநேரம் மகளின் தலைமுடியைப் பின்னிக்கொண்டே இருந்தாள். பின்னி, அவிழ்த்து, மறுபடியும் பின்னி.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். பேருந்தில் ஏறுகிறாள், அக்காவும் தங்கையும் கட்டிக்கொள்கிறார்கள்: பொய், அவர்கள் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. காரில் ஏறுகிறாள், வருடக் கடைசியில் பரிசு வாங்கி... வருடமே இன்னும் முடியவில்லை.

ஆகஸ்டில் பள்ளி திறந்த காலை என் வாசலிலிருந்து கண்ட மட்டும் இது. பேருந்து வந்து நின்றது, கதவு திறந்தது. கிரிசெல்டா நேராகச் சாலையைப் பார்த்தபடி இருந்தாள். ரொசால்பா காரை இயக்கிவிட்டு அருகில் நின்றாள். முந்தின இரவே மகளிடம் சொல்லிவிட்டாளாம்: "நீயே முடிவு பண்ணு கண்ணு. நான் கோவிச்சுக்க மாட்டேன்." ஒன்பது வயதுக்காரியிடம் அப்படிச் சொல்லலாமா? எனக்குத் தெரியவில்லை.

நயேலி ஒரு கையில் பரீட்டோ ரொட்டிச் சுருளும் மறு கையில் பையுமாக வெளியே வந்தாள். பேருந்தைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினாள்:

"நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"இன்னும் எழுதலடா."

"அப்போ எழுதாதீங்க."

பரீட்டோவைப் பல்லில் கவ்விக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

எதில் ஏறினாள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அந்த நிமிடமே ஒருத்தி ஜெயித்துவிடுவாள், ஒருத்தி தோற்றுவிடுவாள், நீங்களும் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். கதவு இன்னும் திறந்திருக்கிறது. கார் உறுமிக்கொண்டிருக்கிறது. உங்கள் பிள்ளை என்றால் எந்தப் பக்கம் பார்த்து நிற்பீர்கள்?