ஐந்தாவது பலகை

தச்சர் துண்டின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டபோது, அவர் மனைவி ஐந்து மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். வாயின் வலது பாதி மட்டும்தான் சிரித்தது. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

“திருடனப் பிடிச்சுக் கட்டி வச்ச மாதிரி இருக்கீங்க. அப்படி என்னத்தத் திருடினீங்க?”

“ஒரு வெங்காயம். அதையும் வெட்டத் தெரியாம மாட்டிக்கிட்டேன்.”

நாற்காலி செய்கிறவன் முதலில் அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முப்பது வருடமாக அவர் வேலை செய்த விதம் அது. ஒற்றைக் கைக்கு வெட்டுப்பலகை செய்வதென்றால், ஒற்றைக் கையால் வெட்டிப் பார்க்காமல் எப்படி? உரித்த வெங்காயத்தின் மேல் கத்தியை வைத்து அழுத்தினார். அது வழுக்கி, மேசையிலிருந்து விழுந்து, அடுப்புவரை உருண்டு போய் நின்றது.

“பாவம், உங்களப் பார்த்துப் பயந்து ஓடுது,” என்றாள்.

அவளைப் பார்த்து எந்த வெங்காயமும் ஓடியதில்லை. நானூறு பேர் சாப்பிடும் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பத்தொன்பது வருடம் காய் வெட்டினாள். அங்கே அவளுக்குக் கத்தியக்கா என்று பெயர். பின்னால் திரும்பி யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பாள். கை அதுபாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் காலை, முட்டைக்கோசு பாதி வெட்டியபடி இருக்க, இடது பக்கமாகச் சரிந்து விழுந்தாள். பக்கவாதம் என்றார்கள். கால் முக்கால்வாசி திரும்பி வந்தது. பேச்சு முழுசாகத் திரும்பியது. அதில் தச்சருக்கு லாபமா நஷ்டமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்தார். இடது கை மட்டும் வரவில்லை. அசைவும் இல்லை, தொட்டால் உணர்வும் இல்லை.

பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருமுறை அவரைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: “அந்தக் கையை அவங்க அடிக்கடி திரும்பிப் பார்க்கணும் சார். இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே அவங்க மூளை மறந்துடுது. பார்த்தாதான் கை இருக்கு. பார்க்கலேன்னா இல்ல.”

அவர் தலையாட்டினார். சாப்பாட்டுத் தட்டில் இடது பாதி அப்படியே மிச்சம் இருக்க, “சாப்பிட்டாச்சு” என்பாள். அவர் தட்டைத் திருப்பி வைப்பார். “அட, இன்னும் இருக்கா!” என்று அதையும் சாப்பிடுவாள். தட்டைத் திருப்புவது அவருக்குக் கதவைத் தாழிடுவதுபோலப் பழகிவிட்டது.

கேன்டீனுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

“இங்க இருந்தா நான் நோயாளிங்க. வர்றவங்க எல்லாம் எப்படி இருக்கீங்கன்னு குரலத் தாழ்த்திக் கேக்கறாங்க. அங்க போனா நான் கத்தியக்கா. எவளும் குரலத் தாழ்த்த மாட்டா.”

மேனேஜரைப் போய்ப் பார்த்தார்கள். நல்ல மனிதர். முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை; முடியும் என்று சொல்லவும் தைரியம் இல்லை. கடைசியில், “ஒரு கூடை வெங்காயம், ஒரு மணி நேரம். வெட்டிக் காட்டிடுங்கம்மா. மறுநாளே வேலைக்கு வாங்க,” என்றார். முன்பு அதே நேரத்தில் மூன்று கூடை வெட்டியவள் அவள். பேருந்தில் திரும்பி வரும்போது, “ஒரு கூடையாம்,” என்று நாலு தடவை சொன்னாள்.

மேசைக்கால் செய்து மிஞ்சிய கெட்டிப் பலகைத் துண்டுகள் பட்டறையில் கிடந்தன. முதல் பலகையில் அடியிலிருந்து மூன்று எஃகு ஆணிகளை மேலே வரும்படி அடித்தார். வெங்காயத்தை ஆணியில் குத்தி நிறுத்தினால் ஓடாது. வெங்காயம் ஓடவில்லை, பலகையே ஓடியது. இரண்டாவதற்கு அடியில் ரப்பர் ஒட்டி, மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ள ஒரு சட்டமும் வைத்தார். அது நின்றது, ஆனால் கடைசித் துண்டு ஆணியை விட்டு வர மறுத்தது. மூன்றாவதில் கத்தியின் நுனியை ஒரு கீலில் பொருத்தி மேலும் கீழும் அசையும்படி செய்து, பெருமையாகக் கொண்டுவந்து வைத்தார்.

“என்னங்க இது, பேப்பர் வெட்டற மெஷினா? கத்தியக் கட்டிப் போட்டா அப்புறம் அது கத்தியா?” அதைக் கையால்கூடத் தொடவில்லை.

கீலைக் கழற்றினார். இதற்கு இடையில் வீட்டில் மூன்று வேளையும் வெங்காயம். பட்டறையில் அவர் கையைக் கட்டிக்கொண்டு வெட்டி வெட்டிப் பார்த்தது தனி. கண் சிவந்து போய் வாசலில் நின்றவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர், “மனசத் தளர விடாதீங்க,” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவரும் நன்றி சொல்லிக்கொண்டார்.

நாலாவது பலகையில் ஒரு குறை தெரிந்தது. வெட்டிய துண்டுகளை அவள் கத்தி முதுகால் வலது பக்கம் பாத்திரத்தில் தள்ளும்போது, இடது ஓரத்தில் விழுந்தவை எல்லாம் அங்கேயே கிடந்தன. ஒரு துண்டைக்கூட அவள் எடுக்கவில்லை. தச்சர் பலகையைத்தான் பார்த்தார். இடது ஓரத்தில் தடுப்பு இல்லை, அதனால்தான் சிதறுகிறது என்று முடிவு செய்தார். ஐந்தாவது பலகைக்கு இடது பக்கம் ஒரு விரல் உயரத்தில் ஒரு தடுப்பு வைத்தார். என்றாவது அவள் கை பட்டால் உறுத்தக் கூடாது என்று, அதன் மேல்விளிம்பை உருட்டி இழைத்து, கன்னத்தில் வைத்துப் பார்க்கும்படி வழவழப்பாக்கினார்.

அந்தப் பலகையில் அவள் கை பழையபடி ஓடியது. ஒவ்வொரு முறையும் வெட்டத் தொடங்கும் முன் அவளை நாற்காலியில் உட்காரவைப்பார், பலகையை மாட்டுவார், அவளுடைய இடது கையை எடுத்து மடியில் வைப்பார். மூன்றும் அவருக்கு ஒரே காரியம். நாற்காலியை இழுத்துப் போடுவதை யாரும் வேலையாகக் கணக்கில் வைப்பதில்லை; கையை மடியில் வைப்பதை அவரும் வைக்கவில்லை.

சனிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்த பிறகு கேன்டீனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மேனேஜர் சமையற்கட்டு வாசலிலேயே நின்றார்.

“நீங்க இங்கயே இருங்க சார். வெளியாள் உள்ள வரக் கூடாது, தப்பா எடுத்துக்காதீங்க.”

சாப்பாடு கொடுக்கும் சன்னல் வழியாகத் தச்சர் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே எல்லாமே எஃகு மேசை. அவர் வீட்டு மேசையைவிட உயரம். அவளுக்கு ஓர் உயரமான முக்காலி போட்டார்கள். எதிரில் பீட்ரூட் வெட்டிக்கொண்டிருந்தவள் ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் வந்த பெயர்.

“வாங்கக்கா! அஞ்சு மாசமா இந்த மேசையில சண்டையே இல்ல. சோறு செரிக்கவே மாட்டேங்குது. மாமா, நீங்கதான் செஞ்சீங்களா இந்தப் பலகைய? என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு ஸ்டூல்கூட ஆட்டம் நிறுத்தித் தந்ததில்ல!”

பேச்சோடு பேச்சாக, முக்காலியின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த அக்காவின் இடது கையைப் பார்த்தாள். “ஐயோ, இப்படித் தொங்குதே,” என்று அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்து மேசைமேல் வைத்தாள். நல்ல பிள்ளை என்று நினைத்தார் தச்சர்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

குத்து, வெட்டு, திருப்பு, வெட்டு, தள்ளு. நாலாவது வெங்காயத்திலேயே வேகம் பிடித்துவிட்டது. பாத்திரம் கழுவுகிறவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுற்றி நின்றார்கள். இருபது நிமிடத்தில் பாதிக் கூடை காலி. அவள் ரேடியோவின் பக்கம் தலையைத் திருப்பி, “பீட்ரூட்ட வெட்டறியா, இல்ல கொல பண்றியா? மேசையெல்லாம் ரத்தக்களறியா இருக்கு!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தச்சரும் சன்னலுக்கு வெளியே சிரித்தார். அவள் பேசும்போது கத்தி நிற்கவே இல்லை.

பலகையின் ஓரத்தில் சிவப்பு தெரிந்ததை அவரும் பார்த்தார். பீட்ரூட் சாறு என்றுதான் அவரும் நினைத்தார். எதிரில் ரேடியோவின் கையெல்லாம் அதே நிறம்.

பிறகு பாத்திரத்தில் விழுந்த வெங்காயம் சிவப்பாக விழுந்தது. பீட்ரூட் ரேடியோவின் பக்கத்தில் அல்லவா இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ரேடியோ பேச்சை நிறுத்தினாள்.

“அக்கா.”

“என்னடி?”

“அக்கா, கத்தியக் கீழ வைங்க. வைங்கக்கா!”

மேசைமேல் இருந்த கை, வெட்டும் அதிர்விலும் அவள் தோள் அசைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, அந்த வழவழப்பான தடுப்பின் மேல் ஏறி, அங்கிருந்து பலகைக்குள் சரிந்திருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்து அவர் இழைத்த விளிம்பு. கத்தி எத்தனை முறை அந்த விரல்களின் மேல் இறங்கியதோ தெரியாது. அவள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள்.

“யாரோட கை இது?” என்று கேட்டாள்.

தச்சர் சன்னல் வழியாகவே ஏறிக் குதித்து உள்ளே போனார். இந்த முறை மேனேஜர் தடுக்கவில்லை.

தொழிற்சாலை நர்ஸ் இரண்டு விரல்களில் தையல் போட்டாள். மரத்துப்போக ஊசி போட எடுத்தவள், கத்தியக்கா சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, ஊசியைத் திரும்ப வைத்துவிட்டாள். வாசலில் ரேடியோ அழுதுகொண்டிருந்தாள். “நான்தான் எடுத்து வச்சேன் மாமா. தொங்குதேன்னு எடுத்து வச்சேன்.” உள்ளே வெட்டிய வெங்காயம் முழுவதையும் குப்பையில் கொட்டும் சத்தம் கேட்டது.

மேனேஜர் பலகையைக் கழுவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். “கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்,” என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

மறுநாள் அவர் பட்டறைக்குப் போனதும் ஆணியில் தொங்கிய துண்டு கண்ணில் பட்டது. தன் கையை எத்தனை நாள் முதுகுக்குப் பின்னால் கட்டி வைத்திருந்தார்! ஒற்றைக் கைக்காரனுக்கு அந்தப் பலகையில் ஒரு குறையும் கிடையாது. அவளுக்கோ இரண்டு கை. ஒன்று இன்னொன்றை அறியாது. அதைப் பயிற்சி கொடுக்க வரும் பெண் அவரிடம் சொல்லவும் சொன்னாள். அவர் தலையாட்டவும் ஆட்டினார்.

பென்சிலை எடுத்து, இடது கையை உள்ளே வைத்துக் கட்டிக்கொள்ள ஒரு பெட்டி வரையத் தொடங்கினார். அளவெடுக்க வீட்டுக்குள் வந்தபோது, அவள் மேசையில் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது பலகையை ஒற்றைக் கையாலேயே மேசையில் மாட்டியிருந்தாள்.

“ஆறாவது ஒண்ணு செய்யறேன்,” என்றார். “கைக்குத் தனியா ஒரு இடம் வச்சு. இந்தத் தடவ சரியா வரும்.”

“வேண்டாங்க.”

“ஒரே வாரம். மேனேஜர்கிட்ட நான் பேசறேன்.”

“பலகையில குறையில்லீங்க.” அவள் அவரைப் பார்க்காமல் சொன்னாள். “நேத்து எல்லாரும் என்னப் பார்த்த பார்வை இருக்கே. இனிமே அந்த மேசையில எவளும் எங்கிட்ட சண்டைக்கு வர மாட்டா. பெட்டி செஞ்சு கைய அதுல வைக்கலாம். அந்தப் பார்வைய எதுல வைப்பீங்க?”

அவர் அளவுகோலை மேசைமேல் வைத்தார்.

“ஒரு வெங்காயம் உரிச்சுக் குடுங்க,” என்றாள்.

உரித்துக் கொடுத்தார். அவள் அதை ஆணியில் குத்தி நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். எதற்கு என்று அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு அவளுடைய இடது பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டார்.

“உங்ககிட்டதான இருக்கு?” என்று கேட்டாள்.

“இருக்கு.”

“சரி.”

வெட்டத் தொடங்கினாள். அதே வேகம். அவர் அந்தக் கையின் உள்ளங்கையை மெல்ல அழுத்தினார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். வலிக்குதுங்க என்று சொல்லமாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.