பின்சக்கரம்

பின்சக்கரம் கழன்றுவிட்டால் போதும். அப்புறம் இந்த மனிதர் எங்கே போய்விட முடியும்? முன்சக்கரத்தை மட்டும் உருட்டிக்கொண்டு யாரும் சாலைக்குப் போனதில்லை. சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்தியபடியே மிதிக்க வைக்கும் ட்ரெய்னரில் கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்றில் சைக்கிளை அப்படியே தூக்கி வைத்து இறுக்கினால் சரி, வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம். மற்றதில் பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரும்புப் பெட்டியை மாட்ட வேண்டும். ஏன் இரண்டாவதைக் கைகாட்டினேன் என்று கடைக்காரர் கேட்கவில்லை. சத்தம் கம்மி, நல்லதாத்தான் பார்த்து எடுத்திருக்கீங்கம்மா என்றார். ஆமாம், சத்தம் கம்மிதான்.

இந்த நினைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் சைக்கிளின் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவர் கீழே முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கூடத்தின் சோபாவைச் சுவரோரம் தள்ளி, தரையில் ரப்பர் விரிப்புப் போட்டிருந்தார்கள். சோபாவில் அவருடைய அக்கா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தன் வீட்டு டேபிள் ஃபேனை ஒரு பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தார். வீட்டுக்குள் ஓட்டினால் எதிர்க்காற்று இருக்காது, வேர்த்துக் கொட்டும் என்று யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

"செயின சின்னப் பல்லுக்குக் கொண்டு வந்துட்டுத்தான் கழட்டணும். இல்லன்னா மாட்டிக்கும்" என்றார் கணவர், அவளுக்குப் பாடம் சொல்வதுபோல. அவள் பெடலைக் கையால் சுற்றினாள். செயின் ஒவ்வொரு பல்லாக இறங்கியது. அவர் அச்சை இறுக்கிப் பிடித்திருந்த நெம்புகோலைத் திறந்தார். சக்கரம் சட்டென்று அவர் மடியில் வந்து விழுந்தது.

"எக்ஸ்பிரஸ் ஷெட்டுக்கு வந்திருச்சு" என்றார். எக்ஸ்பிரஸ் என்பது விடிகாலையில் சேர்ந்து ஓட்டும் நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர். அக்கா சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் அவருடைய உதட்டின் இடது ஓரத்துக்குப் போய்விட்டு வந்தது.

அங்கேதான் தொடங்கும். முதல் தடவை அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் வலிப்பு வந்தபோது பக்கத்து இயந்திரத்துக்காரர் சொன்னார், வாய் ஓரம் மீன் வாய் மாதிரித் துடித்தது என்று. இரண்டாம் தடவை சாலையில். எப்போதும்போல அவர்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தார். விழுந்த இடத்துக்கு ஒரு கை தூரத்தில் லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து சாலையோரம் உட்கார்ந்து அழுதாராம். சாலையில் ஓட்டக்கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். மருந்து பிடிக்கிறதா என்று ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். வீட்டுக்குள் ஓட்டலாம், ஆனால் பக்கத்தில் ஆள் வேண்டும். அந்த "பார்க்கலாம்" என்ற சொல்லைக் கணவர் உடையாமல் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். அவள் அதை ஆஸ்பத்திரி வாசலிலேயே போட்டுவிட்டு வந்தாள்.

அவள் வேலை ஒரு பல் மருத்துவரிடம். பகலெல்லாம் திறந்த வாய்களுக்கு மேல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மூடியிருக்கும் இந்த ஒரு வாய். சோறு போடும்போது, டிவி பார்க்கும்போது, அவர் எதையாவது யோசித்துப் பேச்சை ஒரு கணம் நிறுத்தும்போது, அவள் கண் அதன்மேல்தான்.

"இதுல இருக்கற பல்லக் கழட்டி அந்தப் பெட்டியில மாட்டணும், இல்லையா?" என்று கேட்டாள். கடைக்காரர் அப்படித்தான் சொல்லியிருந்தார். சக்கரத்தின் நடுவில் அடுக்கடுக்காக இருக்கும் பல்சக்கரக் கொத்தைக் கழற்றி ட்ரெய்னரில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. பல் போன சக்கரம் எதற்கும் ஆகாது. அதுவும் அவள் கணக்கில் இருந்தது.

அவர் எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே புதிய கொத்து ஒன்று எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருந்தது. எப்போது வாங்கினார் என்று தெரியவில்லை.

"அதுல இருக்கறது அதுலயே இருக்கட்டும்மா" என்றார்.

அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. புதியதை ட்ரெய்னரில் பொருத்தி இறுக்கினார். பிறகு சைக்கிளைத் தூக்கி அதன்மேல் உட்காரவைக்க முயன்றார்கள். இரண்டு முறை செயின் வெளியே விழுந்தது. மூன்றாம் முறை அவள் விரலை விட்டுச் செயினைத் தூக்கிப் பிடிக்க, அச்சு பொருந்தி உட்கார்ந்தது. அவர் முகத்தில் அச்சகத்தில் முதல் தாள் சரியாக வந்தால் வரும் திருப்தி வந்து போனது.

எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதில்தான் தகராறு வந்தது. அவள் சமையலறையைப் பார்த்து வைத்திருந்தாள். அடுப்படியில் நின்றால் அவர் முகம் நேராகத் தெரியும்.

"ஜன்னல் பக்கம் திருப்பிடலாம்."

"அப்ப உங்க முதுகுதான எனக்குத் தெரியும்?"

"முதுகு நல்லாத்தான இருக்கு?"

"வெளையாடாதீங்க. ஏதாவது ஒண்ணுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் துணியில் கை துடைத்துக்கொண்டே இருந்தார். மசகு போகவில்லை. "நீ இப்பல்லாம் என்னப் பாக்கறதே இல்ல" என்றார் மெதுவாக. "என் வாயத்தான் பாக்கற."

டீ டம்ளரைக் கீழே வைக்கப்போன அக்கா, வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

அவர் சொன்னது மொத்தமும் உண்மையாக இருந்தது. அவருடைய கண் என்ன நிறம் என்று யாராவது அந்த நேரத்தில் கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பாள். குனிந்து ட்ரெய்னரின் ஒரு காலைப் பிடித்தாள். அவர் மறுகாலைப் பிடித்தார். ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்களும், அவற்றுக்கு நடுவே ஒரு விரல்கடை அளவு சாலையும் தெரிந்தன.

ஏறி உட்கார்ந்து மிதித்தார். பெட்டி தாழ்ந்த குரலில் முனகத் தொடங்கியது. அக்கா ஃபேனை அவர் முன்னால் வைத்துப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் முழங்கையிலிருந்து வியர்வை ரப்பர் விரிப்பில் சொட்டியது.

"எப்படிடா தம்பி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

ஆஸ்பத்திரியில் கொடுத்த கஞ்சியையும் அதே குரலில்தான் நல்லாத்தான் இருக்கு என்றார். அக்காவுக்கு அது தெரியவில்லை. "அப்பாடா, வயித்துல பால வார்த்தடா" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

சிறிது நேரத்தில் அவர் இறங்கி, கழற்றிய சக்கரத்தை எடுத்துத் துடைத்தார். ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தார். பிறகு பம்ப்பைக் கொண்டு வந்து காற்றடிக்கத் தொடங்கினார். எங்கும் போகாத சக்கரத்துக்கு எதற்குக் காற்று என்று அக்கா கேட்டார்.

"காத்து இல்லாம கெடந்தா டயர் செத்துரும்க்கா."

கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, சக்கரத்தை வாசல்கதவுக்கு உள்பக்கம் சாய்த்து வைத்தார். திரும்பவும் சைக்கிளில் ஏறினார். முனகல் மறுபடி எழுந்தது. அவளுக்குத் தெரிந்தது அந்த முதுகு மட்டும்தான். முன்பு விடிகாலையில் மாடியிலிருந்து பார்த்தால் தெருமுனையில் திரும்பி மறையும் அதே முதுகு. அப்போது பயமில்லாமல் பார்த்திருக்கிறாள். அது எவ்வளவு அகலமான முதுகு என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது.

அக்கா புறப்பட்டார். அவளும் வாசல்வரை கூட வந்தாள். அவர் முதுகு பார்வையிலிருந்து மறைந்ததும், அவள் காது அந்த முனகலைப் பிடித்துக்கொண்டது.

செருப்பை மாட்டிக்கொண்ட அக்கா, நிமிரும்போது சக்கரத்தையும் எடுத்துக்கொண்டார். உடுப்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார்.

"நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார் ரகசியமாக. "எங்க வீட்டுப் பரண்ல போட்டுடறேன். கேட்டான்னா சர்வீசுக்குக் குடுத்திருக்குன்னு சொல்லிடு."

"நம்ப மாட்டார் அண்ணி."

"நம்பலன்னா என்னம்மா, கத்திட்டுப் போறான். கண்ணு முன்னாடி இருந்தா கை சும்மா இருக்குமா? நீ வேலைக்குப் போற நேரம் பாத்து மாட்டிக்கிட்டுக் கெளம்பினா?"

அவள் மனதில் இருந்த வார்த்தைகளே அவை, ஒன்றுகூட மாறவில்லை. இன்று காலைகூட இப்படி யாராவது வந்து கேட்கமாட்டார்களா, பழி தன்மேல் விழாமல் காரியம் முடிந்துவிடாதா என்று ஏங்கியிருக்கிறாள். இப்போது கேட்டாகிவிட்டது. தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

அவள் கை நீண்டு சக்கரத்தின் நடுவே இருந்த பற்களைப் பிடித்தது.

"குடுங்கண்ணி. இங்கயே இருக்கட்டும்."

"என்னம்மா பேசற? எனக்கு இருக்கறது ஒரே தம்பி."

"தெரியும் அண்ணி."

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

அக்கா அவள் முகத்தையே பார்த்தார். கண்கள் நிறைந்துவிட்டன. அவளைக் கட்டிக்கொள்வாரா அறைவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டும் செய்யாமல் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளி விட்டுவிட்டுப் படியிறங்கினார். பற்கள் அவள் பிடியில் இருந்ததால் சக்கரம் மட்டும் சுழன்றது. டிக் டிக்கென்ற ஓசை மாடிப்படியின் சுவர்களில் பட்டுப் பெரிதானது.

அப்போதுதான் கவனித்தாள். உள்ளே முனகல் நின்றிருந்தது.

இந்த ஓசையைக் கேட்டு அவர் மிதிப்பதை நிறுத்தியிருக்கலாம். காது கொடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கலாம். அவள் கால்கள் ஓடுவதற்குத் தயாராகிவிட்டன. அவள் ஓடவில்லை. செயின் மசகில் கறுத்துப்போன விரல்களால் பற்களை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தோடு உள்ளே நடந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த முதுகு அசையாமல் இருந்தது. அதற்கு அப்பால் ஃபேன் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.