வாலில்லாத சிப்

...கோடு, ஒன்று. அவ்வளவுதான், சிப்பின் முதுகில் அடித்த எண்ணின் வாலில் ஒரு கோடும் ஓர் ஒன்றும், இருந்தால் வேகமான சிப், இல்லாவிட்டால் மந்தம், இது தெரியாதவளா ஸக்கியா, மாத்தளையில் பழைய மெசின்களின் சர்க்யூட் போர்டு பழுதென்றால் அவளுடைய கடையைத்தானே தேடி வருகிறார்கள்... பஸ் ரத்தோட்டையைத் தாண்டி மலையில் ஏறியது, அவள் கைப்பைக்குள் நெருப்புப் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். அதற்குள்தான் சரியான சிப். ஒரு கம்பெனி செய்ததை நாலு கம்பெனி அனுமதி வாங்கிச் செய்து, ஆளுக்கோர் எண்ணை அடித்து வைத்தால் மனுஷி என்னதான் செய்வாள், ஒன்றில் வேகத்துக்கு ‘ஏ’ என்று எழுத்து, இதில் கோடு ஒன்று, மற்றதில் வேறென்னவோ... சும்மா இரு ஸக்கியா, யாரிடம் சாட்டுச் சொல்கிறாய்? அன்றைக்கு வால் இல்லாததைப் பார்த்தாயா இல்லையா? பார்த்தாள். கடை மேசையில் ஓடியது, ஓடினால் சரி என்று தேயிலைத் தொழிற்சாலையில் இலை காயவைக்கும் ட்ரையருக்கு அதையே பூட்டிக் கொடுத்தாள். மேசையில் ஃபேன் காற்று, அங்கே ட்ரையர் சூடு. சூட்டில் சிப் திணறி, இலையைக் கொண்டுபோகும் தட்டுகள் அப்படியே நின்று தேயிலை முழுக்கக் கருகிவிட்டது, அணைத்துப் போட்டதும் ஒன்றும் அறியாததுபோல மறுபடி ஓடியதாம், பாழாய்ப்போனது! தோட்டத்து மேலாளர் துரை போனில் கேட்டபோது, “மெசின்ல ஒரு பிழையும் இல்ல சேர்” என்று எவ்வளவு சுருக்காகச் சொன்னாள்... அதோடு ட்ரையர்கார நாகமுத்து தூங்கிவிட்டார் என்று முடிவாகி அவருக்கு வேலை போனது.

அந்த நாகமுத்துதான் இப்போது பக்கத்து சீட்டில், தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டையோடு. ஏறியவர் வேறு இடமே இல்லாததுபோல இங்கே வந்தா உட்கார வேண்டும்? “மெசினு பாக்கவா போறீங்க தங்கச்சி?” என்றார். “ஓ அண்ணே... சும்மா, சேவிஸ்.” நாக்கு கூசவில்லையா உனக்கு? அவர் ஜன்னலைப் பார்த்தபடி பேசினார். “மெசினு ஓடுதுன்னு காட்டுற பச்ச லைட்டு எரிஞ்சிக்கிட்டேதான் இருந்திச்சி, நான் அதயேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல... கண்ணு அசந்துட்டேனோன்னு எனக்கே இப்ப தோணுது. தூங்கிட்டேன்னே சொல்லி தொரைகிட்ட மன்னிப்பு கேக்கப் போறேன், வேலையக் குடுத்தாப் போதும்.” யா அல்லாஹ்! அவர் தூங்கவில்லை, அதை அறிந்த ஒரே ஆள் அவள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு... சொன்னால் பிறகு யார் அவளை நம்பி ஒரு போர்டைத் தருவான்? சத்தமில்லாமல் மாற்றிவிட்டு வந்தால் போதும், இனி எதுவும் கருகாது, யாருக்கும் பிரச்சினை இல்லை என்றுதானே காலையில் கிளம்பினாள்.

பஸ் நின்றது. நாகமுத்து எழுந்து குறடும் திருப்புளியும் இருந்த அவளுடைய சாமான் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். “நல்லாப் பாத்துக் குடுங்க தங்கச்சி, இனிமே யாரும் என்னய மாதிரி மாட்டிக்கக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே முன்னால் இறங்கினார். ஸக்கியா நெருப்புப் பெட்டியைக் கைக்குள் பொத்திக்கொண்டு பின்னால் இறங்கினாள். புதுச் சிப்பைப் போட்டால் மெசின் இனி நிற்காது, நிற்காமல் ஓடும் ஒவ்வொரு நாளும் அன்றைக்கு இந்த மனிதர் தூங்கினார் என்றல்லவா சொல்லிக்கொண்டிருக்கும்... அவருக்கென்று இருக்கும் ஒரே சாட்சி அந்த வாலில்லாத சிப்தான், அதைக் கழற்றத்தான் அவள் போய்க்கொண்டிருக்கிறாள், கழற்றும் சாமான்களை அவரே சுமந்துகொண்டு முன்னால் நடக்கிறார்...