ஒரு இஞ்ச் பிரித்துவிட்ட கேபினெட்

இதில் ஒரு வரி பொய்யென்றாலும் என் கத்தரிக்கோல் மொட்டையாகிப் போகட்டும். நின்றுகொண்டே சத்தியம் செய்கிறேன். சத்தியத்துக்கு மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே உட்கார இடமில்லை.

நான் தையல்காரன். என் மகள் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவள். குடும்பத் தொழில்தான், அவளுக்கு ஊசி குத்துவதில்லை என்பது மட்டும் வித்தியாசம். ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்துவந்தாள். கல்யாண மாப்பிள்ளை தும்மினால் அதையும் மெதுவாக ஓட்டி, பின்னால் வயலின் போடச் சொல்கிற முதலாளி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே சொந்தமாகச் செய்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"போயிட்டு வாம்மா. உன் நாற்காலியில யாரையும் உட்கார வைக்க மாட்டேன். ஒரு மாசத்துல நீயே வந்து உட்காருவ" என்று சிரித்தாராம்.

அன்றிலிருந்து அந்த நாற்காலி எங்கள் கூடத்தின் நடுவில் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறோம்.

முதல் வேலையாக ஒரு கல்யாணம் கிடைத்தது. எடுத்த படத்தையெல்லாம் எங்கள் பழைய லேப்டாப்பில் ஏற்றினாள். சிமிட்டுவதற்காகக் கண்ணை மூடிய மணப்பெண் திறக்கவே இல்லை. நான் ஒரு கோட்டின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்து முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அப்போதும் மூடியபடிதான். புதுக் கணினி இல்லாமல் ஆகாது என்று முடிவானது.

"மாமா, வாங்கறதுதான் வாங்கறோம், கேம் விளையாடற மாதிரி வாங்கிடலாமே" என்றார் என் மாப்பிள்ளை.

"ஏங்க, அது எனக்குச் சோறு போடப்போற மெஷின்" என்றாள் மகள்.

"சோறு உனக்கே போடட்டும். நான் ஓரமா உட்கார்ந்து ரெண்டு பேரைச் சுட்டுட்டுப் போயிடறேன்."

இந்தச் சமரசத்தோடு மூவரும் கடைக்குப் போனோம். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நானும் போனதற்குக் காரணம், அந்தப் பெட்டிக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

கடைக்காரர் காதில் ஸ்க்ரூடிரைவர் செருகியிருந்தார், நான் பென்சில் செருகுவதுபோல. பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

"தம்பி, இந்தச் சின்னச் சதுரம் என்ன பண்ணும்?"

"அது பிராசசர் ஐயா. கணக்குப் போடும். உள்ளே பதினாறு கோர் இருக்கு, பதினாறு ஆள் வேலை பார்க்கற மாதிரி."

"பதினாறு தையல்காரன் ஒரே கடையிலயா? சண்டை வராது?"

"சண்டை வராது, சூடுதான் வரும்."

"ரெண்டும் ஒண்ணுதான். இந்தக் குச்சி?"

"ராம். நீங்க துணி விரிக்கிற மேசைன்னு வெச்சுக்குங்க. பெருசா இருந்தா முழுத் துணியையும் விரிக்கலாம். சின்னதா இருந்தா மடிச்சு மடிச்சுத்தான் வெட்டணும்."

"கோட்டுத் துணியை மடிச்சா கசங்கும். பெருசாவே கொடுங்க. அப்ப மதர்போர்டுன்னு எழுதியிருக்கே, அந்தப் பலகை?"

"அது ஒண்ணும் பண்ணாது ஐயா. எல்லாரையும் சேர்த்துப் பிடிச்சு வெச்சிருக்கும்."

"எங்க வீட்டுல அந்த வேலையை என் சம்சாரம் பார்க்கறா. ஒண்ணும் பண்ணலைன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க."

அடுத்து, எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டி. வேலைக்கு ஒன்று, கேமுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். மகளும் தலையாட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"துணியை வெட்டாதீங்க தம்பி. வெட்டினா துண்டு வீணாப் போகும். ஒரே பீஸா, பெருசா கொடுங்க."

"ரெண்டு பேர் பொருளும் ஒண்ணாக் கிடக்குமே ஐயா."

"புருஷன் பொண்டாட்டி பொருள்தானே, கிடக்கட்டும்."

"அப்பா…" என்று இழுத்தாள் மகள்.

"நான் எத்தனை கோட்டு வெட்டியிருக்கேன்? பேசாம இரு."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கடைசியில், படத்தைத் திரையில் வரைகிற கிராபிக்ஸ் கார்டு. மாப்பிள்ளை அதைக் கைக்குழந்தைபோல இரண்டு கையாலும் வாங்கினார். கேமுக்கு அதுதான் உயிர், வீடியோவுக்கும் நல்லது என்றார்கள். எல்லாம் சரி, எல்லாவற்றையும் அடைத்து வைக்க மகள் தேர்ந்தெடுத்த கேபினெட் பெட்டிக்குள் அது போகவில்லை. டேப்பை வைத்துப் பார்த்தேன். ஒரு இஞ்ச் நீளம் அதிகம்.

"பெரிய கேபினெட் ஸ்டாக் இல்லை. வர ஒரு மாசம் ஆகும்" என்றார் கடைக்காரர்.

ஒரு மாதம். மகள் என்னைப் பார்த்தாள். கூடத்து நாற்காலி கடைக்குள்ளேயே வந்து நின்றது.

"அதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்க" என்று கேபினெட்டை வாங்கினேன். உள்ளே ஒரு இஞ்ச் மடித்து விடாமல் எந்தத் தையல்காரனும் தைக்க மாட்டான். இன்றைக்கு ஒல்லியாக இருக்கிறவன் நாளைக்கு அப்படியே இருப்பான் என்று யார் கண்டது? இரும்பைத் தைத்தவனும் தையல்காரன்தானே. ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். நினைத்தபடியே தகடு உள்பக்கம் மடிந்திருந்தது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து, மேலிருந்து கீழாக நிதானமாகப் பிரித்துவிட்டேன். கார்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. கடைக்காரர் காதிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

வீட்டில் மாட்டி முடித்துப் பொத்தானை அழுத்தினோம். விசிறிகள் சுழன்றன. ஜன்னல் திரை பெட்டியை நோக்கிப் பறந்தது. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டைகளெல்லாம் எங்கள் பக்கம் திரும்பி, கைகளை நீட்டிக்கொண்டு நின்றன. அதில் இரண்டு நான் தைத்தவை, தோள்பட்டையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

மணப்பெண் கண்ணைத் திறந்தாள். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு படம் ஓடிய வேகத்தில், கல்யாணத்துக்குத் தாமதமாக வந்தவர்கள்கூட நேரத்துக்கு வந்துவிட்டார்கள்.

அவள் வேலை முடிந்து எழுந்ததும் மாப்பிள்ளை உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

"மாமா, என் ஆளைக் காணோம்."

"எந்த ஆளு?"

"கேம்ல வர்ற சிப்பாய். கதவைத் திறந்து வெளியே போனான், திரும்பி வரலை."

மகள் கல்யாணப் படத்தைத் திறந்து பார்த்தாள். மணப்பெண்ணுக்குப் பின்னால், இரும்புத் தொப்பியும் துப்பாக்கியுமாக, ஆள் நின்றுகொண்டிருந்தான். ஒரு காட்சியில் அழித்தால் அடுத்த காட்சியில் போய் நின்றான். குரூப் போட்டோவில் ஓரத்தில் நகர்ந்து இடம் பிடித்தான். நடுவில் தடுப்பே இல்லாமல் ஒரே பீஸாகத் துணி கிடந்தால் யார்தான் நடந்து வர மாட்டார்கள்?

"அப்பா, தனித்தனியாப் போடலாம்னு அவர் சொன்னாரே!"

"தோள்ல கொஞ்சம் லூசா இருக்கு அவனுக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது?

மணப்பெண்ணின் அப்பா நேரில் படம் பார்க்க வந்தார். சிப்பாய் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"யார் இவரு?"

மகளின் கை மவுசின் மேல் அப்படியே நின்றது. கூடத்து நாற்காலி கிறீச்சிட்டதை நான் கேட்டேன்.

அவர் போனை எடுத்துச் சம்பந்தியை அழைத்தார். "உங்க பக்கத்துல துப்பாக்கியோட ஒருத்தர் வந்திருந்தாரா?"

"அவரா? உங்க பக்கத்து ஆளுன்னுதானே நாங்க வாயைத் திறக்காம இருந்தோம்!"

போனை வைத்துவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். "என் தம்பி போனைப் பார்க்கறான். என் மச்சான் செருப்பைத் தேடறான். இந்த மண்டபத்துலயே இவர் ஒருத்தர்தான் என் பொண்ணைப் பார்த்துக்கிட்டு நிக்கறார். இருந்துட்டுப் போகட்டும்மா. படம் ரொம்ப நல்லா இருக்கு."

செய்தி பரவியது. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவரை அனுப்பி வையுங்கள் என்று வரிசையாக ஆட்கள் வந்தார்கள். சிப்பாய்க்கு ஓய்வே இல்லை. ஒரு ஆட்டம் ஆட வேண்டுமென்றால் மாப்பிள்ளை பெண்டாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியதாயிற்று.

பழைய முதலாளியும் வந்தார். தலையில் அந்த நாற்காலி.

"இங்க ஏதாவது வேலை இருக்குமாம்மா? உட்கார நானே கொண்டு வந்திருக்கேன்."

"வயலின் போட மாட்டேன்னு சொன்னா உள்ளே வாங்க சார்" என்றாள் மகள்.

வந்தார். ஆனால் நாற்காலி வாசலில் மாட்டிக்கொண்டது. டேப்பை வைத்துப் பார்த்தேன், ஒரு இஞ்ச். வாசலைப் பிரித்துவிட்டேன்.

இதற்கெல்லாம் சாட்சி வேண்டுமென்றால் என் பக்கத்திலேயே நிற்கிறார்கள். மாப்பிள்ளை கிராபிக்ஸ் கார்டின் பெயரை மந்திரம்போல முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். மகள், "அப்பா, உள்ளே போனதும் நீங்க எதுவும் பேசக் கூடாது" என்று, நாங்கள் முதன்முதலாக வந்திருக்கிற கணினிக் கடையின் மூடிய ஷட்டரைப் பார்த்தபடி சொல்கிறாள்.

கடை இன்னும் திறக்கவில்லை.