பௌர்ணமியைப் பார்த்து வாங்கிய பஸ்

கஸ்தூரிக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தபோது அவளைவிட அதிகமாகக் குதித்தவன் அவள் புருஷன் சக்கரபாணிதான். சத்துணவு அமைப்பாளர் வேலை. கல்யாணமாகி அடி அண்ணாமலைக்கு வந்த நாளிலிருந்து அவள் அந்த வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இதை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது. காலை பத்து மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும்.

“மத்தவங்கல்லாம் பஸ்ஸு புடிச்சி வருவாங்க. நீ சொந்த பஸ்ஸுல போய் எறங்கப் போற” என்றான் சக்கரபாணி.

அந்த பஸ்ஸைப் பற்றி கஸ்தூரி மனதில் இருந்ததைச் சொன்னால் சண்டை வரும். கார்டை எடுத்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

அந்த பஸ் வந்த கதை ஊருக்கே தெரியும். அதற்கு முன்னால் சக்கரபாணியிடம் ஒரு மினிபஸ் இருந்தது. அடி அண்ணாமலை கோயில் முனையில் கிளம்பி டவுன் வழியாக வேங்கிக்கால் போகும். முதலாளியும் அவனே, டிரைவரும் அவனே. டிக்கெட் கிழிக்க முருகையன். பூ விற்கும் ஜோதியம்மாளின் கூடைக்கு இன்ஜின் பக்கத்தில் ஓர் இடம், கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா கலையரசனுக்கு ஜன்னல் ஓரம் என்று ஆளாளுக்கு ஓர் இடம் உண்டு. யாராவது ஒரு நாள் வராவிட்டால், உடம்புக்கு என்னவோ என்று வண்டி முழுக்கப் பேச்சாக இருக்கும். சின்ன வண்டி, சீக்கிரம் நிறையும், நேரத்துக்குக் கிளம்பும். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒழுங்காகப் போகிற ஒன்றைச் சும்மா விட்டு வைக்கிற சுபாவம் சக்கரபாணிக்குக் கிடையாது.

ஒரு சித்ரா பௌர்ணமி சாயங்காலம். வேலை இல்லாமல் வீட்டு வாசலில் கைகட்டி நின்றிருந்தான். கிரிவலப் பாதை முழுக்க ஜனம். ஆந்திராவிலிருந்து வந்தவர்கள், மெட்ராஸிலிருந்து வந்தவர்கள், தோளில் பிள்ளையைத் தூக்கியவர்கள். எங்கே பார்த்தாலும் தலை. பார்க்கப் பார்க்க அவனுக்கு மூச்சு முட்டியது.

“கஸ்தூரி, இத்தினி ஜனம் போவுது. நாம பாத்தா தீப்பெட்டி மாதிரி ஒரு வண்டிய வச்சிக்கினு இருக்கோம்.”

“அவங்கல்லாம் நடக்கறாங்கங்க.”

“அதத்தான் சொல்றேன். பெரிய பஸ்ஸு இல்லாமத்தான் பாவம் நடக்கறாங்க.”

சக்கரபாணி தலையை எண்ணினானே ஒழிய காலைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருத்தர் காலிலும் செருப்பில்லை என்பது தெரிந்திருக்கும். மினிபஸ்ஸை விற்றான். பர்மிட்டை மாற்ற ஆபீஸ் ஆபீஸாக அலைந்தான். கடைசியில் பழைய பஸ் ஒன்றை வாங்கி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஊருக்குள் கொண்டு வந்தான். ஊருக்குள் என்றால் ஊருக்கு வெளியே. கோயில் முனையில் அந்த பஸ் திரும்பாது என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

பஸ் வந்த பிறகு முதல் பௌர்ணமி வந்தது. வண்டியைக் கழுவி ரோட்டில் நிறுத்தினான். முருகையன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, “டவுன், டவுன், வேங்கிக்கால்! காலியா இருக்குது, ஏறுங்க சாமி!” என்று தொண்டை கிழியக் கூவினான். வேண்டுதலுக்கு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் காதில் விழக்கூடாதது விழுந்த மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டு நடையை எட்டிப் போட்டார். ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து பானட்டில் தட்டினார்.

“யோவ், உள்ளூர்க்காரன்தானே நீ? பௌர்ணமிக்கு இந்த ரோட்ல வண்டி உடறதில்லன்னு தெரியாது?”

தெரியும். நன்றாகவே தெரியும். மாசாமாசம் அதற்காகத்தான் மினிபஸ்ஸை ஓரம் கட்டியிருக்கிறான். வண்டி ஓட்ட முடியாததால்தானே அன்றைக்கு வாசலில் வெட்டியாக நின்று கூட்டத்தை வேடிக்கை பார்த்தான்! அடேய் சக்கரபாணி, உன்னை மாதிரி ஓர் அறிவாளியை இந்த ஜில்லாவில் வேறெங்கே தேடுவது என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். முருகையன் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சாதாரண நாட்கள். சாதாரண நாளில் அடி அண்ணாமலையில் ஏறுகிறவர்கள் அதே பழைய ஆட்கள்தான். மினிபஸ்ஸில் கூட்டமாகத் தெரிந்தவர்கள் பெரிய பஸ்ஸில் ஆளுக்கொரு மூலையில் காணாமல் போனார்கள். காலி வண்டியை ஓட்டிக்கொண்டு டவுனுக்குள் போக சக்கரபாணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆள் சேரட்டும் என்று காத்திருப்பான். காத்திருக்கையில் ஜோதியம்மாளின் பூ வாடியது. கலையரசனுக்கு ஆபீஸில் லேட் மார்க் விழுந்தது. ஒவ்வொருவராக ஷேர் ஆட்டோவுக்கு மாறினார்கள். அவர்கள் மாற மாற இவன் இன்னும் அதிக நேரம் காத்திருந்தான்.

இன்டர்வியூ அன்று கஸ்தூரி கஞ்சி போட்ட புடவை கட்டி, சர்ட்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டு முதல் சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் ஒரு சீட்டிலும் ஆளில்லை. சக்கரபாணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏங்க, நேரமாவுது.”

“ரெண்டே ரெண்டு பேரு வரட்டும். ஒத்த ஆள வச்சிக்கினு போனா ஊரே சிரிக்கும்.”

“ஊரு சிரிச்சி முடிச்சி மாசக்கணக்காச்சி. எடுங்க.”

“தோ, ஆயிடுச்சி. அஞ்சு நிமிஷம்.”

அந்த ஐந்து நிமிஷம் முடிந்து இன்னும் பல ஐந்து நிமிஷங்கள் போயின. பின்னாலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளே அடைசலாகப் பழைய முகங்கள். ஜோதியம்மாள் தலையை நீட்டினாள்.

“இன்னாம்மா கஸ்தூரி, இன்னிக்குதானே இன்டர்வியூ? இன்னும் இங்கியே குந்திக்கினு கீற?”

கஸ்தூரி எழுந்தாள். “எடம் இருக்குதாக்கா?”

“கூடைய மடியில வச்சிக்கறேன், வா. கலையரசா, கொஞ்சம் நவுருப்பா.”

அவள் புருஷனைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கி, அந்த அடைசலுக்குள் நுழைந்து உட்கார்ந்தாள். ஆட்டோ போய்விட்டது. சக்கரபாணி அப்போதுதான் வண்டியைக் கிளப்பிப் பின்னாலேயே விரட்டினான். டவுன் கடைத்தெருவில் ஒரு லாரி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. இருந்த சந்தில் ஆட்டோ புகுந்து போய்விட்டது. பஸ் நின்றது. முருகையன் இறங்கிக் கத்தினான், கெஞ்சினான். லாரிக்காரர் கடைசி மூட்டை இறங்கும்வரை அசையவில்லை.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் சக்கரபாணி மத்தியானம் வரை நின்றான். அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா இல்லையா என்பதுகூடத் தெரியாது. இத்தனை வருஷம் காத்திருந்தவளை ரெண்டு டிக்கெட்டுக்காக உட்கார வைத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டான். தன்னை நினைத்துச் சிரிக்கிற வழக்கம் அவனுக்கு உண்டு. அன்றைக்கு அதுவும் வரவில்லை.

கஸ்தூரி வெளியே வந்தாள்.

“உட்டாங்களா?”

“பேரு கூப்புடறாங்க, நான் உள்ள நுழையறேன். ஜோதியக்கா வாசல் வரைக்கும் ஆட்டோவ உடச் சொன்னாங்க.”

“வேலை?”

“லெட்டர் போடுவாங்களாம்.”

“நான் ஒரு முட்டாளு கஸ்தூரி.”

“அத இப்பதான் கண்டுபுடிச்சீங்களா?” என்றாள். குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

“ஏறு, வூட்டுக்குப் போலாம்.”

அவள் படியில் ஒரு காலை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். எல்லா சீட்டும் காலி. வெளியூர்ப் பயணி ஒருத்தி முன்பின் தெரியாத டிரைவரிடம் கேட்கிற மாதிரி, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“எப்ப எடுப்பீங்க?”

சக்கரபாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீ உக்காந்ததும்.”

அவள் நம்பாமல் ஒரு நிமிஷம் நின்றாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ நிற்பதையும் பார்த்து வைத்துக்கொண்டாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். முருகையன் பழக்க தோஷத்தில், “டவுன், அடி அண்ணாமலை!” என்று கூவ வாயெடுத்தான்.

“கூவாத முருகையா, விசில் குடு” என்று சொல்லி சக்கரபாணி வண்டியை எடுத்தான்.