நாற்பத்தெட்டு கிலோ

கழிவறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "அக்கா, இங்க வந்து பாரேன்," என்று சின்மயி மெதுவாகக் கூப்பிட்டாள். ஷீலா எட்டிப் பார்த்தாள். சிறுநீர் மாதிரியே இல்லை. பால் சேர்க்காத டிகாஷனைக் கொட்டியது போல இருந்தது.

"தண்ணி கொறச்சிட்டல்ல, அதான். எனக்கும் போன வருஷம் இப்டித்தான் வந்துச்சு. பயப்படாத."

ஷீலாவுக்கு அப்படி ஒருநாளும் வந்ததில்லை. அவ்வளவு சுலபமாகப் பொய் வாயில் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பெருங்களத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடி ஹாலில் இருவரும் சில வருடங்களாகச் சேர்ந்து ஜூடோ பழகுகிறார்கள். ஷீலா ஐம்பத்திரண்டு கிலோ பிரிவு. கல்லூரியில் படிக்கும் சின்மயி நாற்பத்தெட்டு. இந்தக் கோடையில் சின்மயிக்குத் தோள் விரிந்து, உடம்பும் ஐம்பத்திரண்டைத் தொட்டுவிட்டது. மேல் பிரிவுக்கு மாறிவிடலாமா என்று அவள் கேட்டபோது ஷீலாதான் தடுத்தாள். "நாப்பத்தெட்டுல உன்ன அடிக்க ஆளே இல்ல. அத வுட்டுட்டு ஏன்டி மேல வர்ற?" சொன்னது உண்மைதான். சொல்லாமல் விட்டது வேறு. ஒரு பிரிவுக்கு ஒருத்தியைத்தான் தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள். பயிற்சியில் சின்மயியை ஷீலா வீழ்த்தி மாதக்கணக்கில் ஆகிறது.

எடையைக் குறைக்கவும் அவளே துணை நின்றாள். வியர்த்துக் கொட்ட பிளாஸ்டிக் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுப் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் ஓடவிட்டாள். தாகம் என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொன்னாள். மாலையில் மறுபடி ஜூடோ மெத்தையில் புரளல். "அந்தப் பொண்ணு ரொம்ப வாடிப் போச்சேம்மா," என்று பயிற்சியாளர் பக்தவச்சலம் கேட்டபோதும், "நான் பாத்துக்கறேன் சார்," என்றாள்.

தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும் மாநிலப் போட்டியன்று சின்மயி எடையில் தேறினாள். முதல் சுற்றுகளில் ஜெயித்தாள். கடைசிச் சுற்றில் எதிராளியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வணங்க எழுந்தவள் தொடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். தன் பிரிவில் வாங்கிய பதக்கம் கழுத்தில் தொங்க, ஷீலா ஆம்புலன்ஸில் ஏறினாள். வழியில் அதைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள்.

தாம்பரத்தில் மருத்துவமனை வராந்தாவில் சின்மயியின் அம்மா ஸ்ரீவித்யா உட்கார்ந்திருந்தாள். ஷீலாவைப் பார்த்ததும் அவள் உட்காரப் பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை மடியில் எடுத்துக்கொண்டாள். அதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

"தண்ணியில்லாம ரத்தம் கெட்டியாயிடுச்சு. தாங்க முடியாத ட்ரெய்னிங் வேற. தசை உடைஞ்சு, அதுல இருந்ததெல்லாம் ரத்தத்துல கலந்திருக்கு. கிட்னி அத வெளிய தள்ள முடியாம திணறுது. யூரின் கலர் எப்பலேந்து மாறிச்சு?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே டாக்டர்," என்றாள் ஸ்ரீவித்யா. "ஷீலா கூடவே இருந்தா. தெரிஞ்சிருந்தா அவ சொல்லியிருப்பா."

பேசாமல் இருந்துவிடலாம். இருந்தால் இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் டாக்டர் கேட்பது சின்மயிக்காக என்பதும் ஷீலாவுக்குப் புரிந்தது.

"முந்தாநேத்து சாயங்காலம்," என்றாள். "நான் பாத்தேன். கறுப்பா இருந்துச்சு."

டாக்டர் வேகமாக உள்ளே போனார்.

"நீ பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள் ஸ்ரீவித்யா. ஷீலா தலையாட்டினாள். அந்த அம்மா கைப்பையைத் திரும்ப அந்த நாற்காலியில் வைத்தாள். ஷீலா சுவரோரமாக நின்றாள்.

மறுநாள்தான் உள்ளே விட்டார்கள். டயாலிசிஸ் வேண்டுமா என்பதை மாலை ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு சொல்வதாக நர்ஸ் சொன்னாள். சின்மயியின் முகம் வீங்கியிருந்தது.

"உனக்கும் வந்துச்சுன்னு சொன்னியேக்கா. நிஜமா?"

"இல்ல."

மின்விசிறி சுற்றுவதையே சின்மயி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மேல வந்திருந்தா உன்ன ஜெயிச்சிருப்பேன்ல?"

"ஜெயிச்சிருப்ப."

மன்னிப்பு கேட்க ஷீலா வாயைத் திறந்தபோது, "முதுகு வலிக்குது, ஒக்காரணும்," என்றாள் சின்மயி. ஷீலா குனிந்தாள். நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை. ஜூடோ மெத்தையில் பிடிக்கும் பழக்கம் போல, ஒரு கையால் ஷீலாவின் காலரையும் மறு கையால் சட்டைக் கையையும் பற்றி இழுத்தாள். அந்தப் பிடியில் பலமே இல்லை. ஷீலா முழங்காலைத் தளர்த்தி, அவள் இழுக்கிற பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தாள்.